முதல் வரிசையில் ஓடெட்

ஓடெட் சில்வேராவை எங்கள் ஊரில் 'அந்தப் போதைக்காரி' என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் கையிலிருந்தே மாத்திரை வாங்கி விழுங்கியவர்கள். ஆனால் அவர்கள் வாங்கியது டாக்டர் ஆஸ்பத்திரிச் சன்னலில். அதனால் அவர்களுக்குப் பெயர் நோயாளிகள்.

நான் மார்னி. அவளோடு ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தவள். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், ஒளிக்கப் போவதில்லை.

ஓடெட் எங்கள் சான் அமாரோவுக்கு வந்தது எழுபத்தொன்றில். துலாரே பக்கத்து மாட்டுப்பண்ணைக் குடும்பம். தாத்தா காலத்தில் போர்த்துகீசியத் தீவுகளிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்கள். பால் கறப்பது அவள் வேலை, பண்ணை அண்ணன் பெயரில். பத்தொன்பது வயதில் அப்பாவிடம் கேட்டாளாம்: "பண்ணை பூரா அண்ணனுக்குன்னா எனக்கு என்னப்பா?"

"உனக்குக் கல்யாணம்" என்றாராம் அவர்.

மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

வந்த மூன்றாம் நாளே வேலை கிடைத்தது. டாக்டர் பிரெண்டிஸ் என்று ஒருவர், எடை குறைக்கிற வைத்தியம் பார்ப்பவர். காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். தலையில் முடி சுருட்டுகிற உருளை, அதன்மேல் ஸ்கார்ஃப், கையில் கைப்பை. எல்லாம் குடும்பப் பெண்கள். எடை பார்ப்பாள் ஓடெட். டாக்டர் இரண்டு நிமிடம் தலையை நீட்டிவிட்டுப் போவார். பிறகு அவளே உறையில் போட்டுக் கொடுப்பாள்: காலையில் மஞ்சள், மதியம் பச்சை, தூங்குவதற்குச் சிவப்பு. ஒரு மாதத்தில் அந்தப் பெண்கள் இளைத்துவிடுவார்கள். கூடவே ஒரு நாளைக்கு மூன்று தரம் தரை துடைப்பார்கள், பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவார்கள். ஒருத்தி வீட்டு வெளிச்சுவர் முழுவதையும் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கழுவினாள். தெருவே பாராட்டியது.

"இந்த ஊர்ல ரெண்டு வரிசைடி" என்று ஓடெட் ஒருநாள் என்னிடம் சொன்னாள். "ஒண்ணு டாக்டர் முன்னாடி, ஒண்ணு நம்ம வீட்டு வாரன் முன்னாடி. சரக்கு ஒண்ணுதான். டாக்டர்கிட்ட உக்கார நாற்காலி போட்டிருக்கு."

அவளும் போட்டுக்கொண்டாள். முதல் மாத்திரையை டாக்டரே கொடுத்தார். "சோர்வா தெரியறியேம்மா, இதப் போட்டுக்கோ, சுறுசுறுப்பா இருக்கும்" என்றாராம். பகலில் ஆஸ்பத்திரி, மாலையில் மீன் உணவகத்தில் பரிமாறும் வேலை, வீட்டுக்கு வந்தால் ஐந்து பேருக்குச் சமையல். மஞ்சள் இல்லாமல் அவளால் நிற்க முடியாது, சிவப்பு இல்லாமல் படுக்க முடியாது என்று ஆனது. அப்போது அவளுக்கு இருபது வயது.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இருந்த வீடு வாரனுடையது என்று எல்லாரும் நினைத்தார்கள். வாடகைப் பத்திரம் ஓடெட் பெயரில் இருந்தது. எங்கள் ஐந்து பேரில் சம்பளச் சீட்டு என்று ஒன்று அவளிடம்தான் இருந்தது.

வாரன் காப்பீட்டுக் கம்பெனி பெரிய அதிகாரி ஒருவரின் மகன். தத்துவம் படித்து பாதியில் விட்டவன். தாடி, வெறுங்கால், குரலை உயர்த்தவே மாட்டான். விற்கிறான் என்று சொல்லக்கூடாது. பகிர்ந்துகொள்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். பகிர்ந்துகொண்டதற்கு ஆட்கள் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். லைல் என்று இன்னொருத்தன், தரையில் உட்கார்ந்து எந்நேரமும் மத்தளம் தட்டுவான். மூன்றாவது கார்டி. கடல் அலைச்சறுக்குப் பலகைகளைப் பழுது பார்க்கிறவன். உடம்பிலிருந்து பிசின் வாடை அடிக்கும். பேசுவதற்கே வெட்கப்படுவான். அந்த வீட்டு ஆண்களில், யாரும் சொல்லாமலே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவியவன் அவன் ஒருத்தன்தான்.

எதுவும் யாருக்கும் சொந்தமில்லை என்பது வீட்டுச் சட்டம். அழுக்குப் பாத்திரம் மட்டும் பெண்களுக்குச் சொந்தம். ஒருநாள் ஓடெட் அதைக் கேட்டுவிட்டாள். வாரன் கூட்டம் போட்டான். வட்டமாக உட்கார்ந்தோம்.

"பாரு ஓடெட்" என்றான், கண்ணை மூடிக்கொண்டு. "பாத்திரம் அழுக்குன்னு நீ நெனக்கிற. அதனாலதான் அது அழுக்கா இருக்கு."

"சரி. அப்ப சாப்பாடு இருக்குன்னு நீ நெனச்சுக்கோ. இன்னிலேருந்து நான் சமைக்கல."

மூன்றாம் நாள் காலை அவள் சமையலறைக்குப் போனால், புலால் உண்ணாத வாரன் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் அம்மா அனுப்பிய பன்றி சாசேஜைப் பச்சையாகவே கடித்துக்கொண்டிருந்தான்.

"உடம்பு கேக்குது, ஓடெட். உடம்பு சொல்றதையும் மதிக்கணும்ல."

"அதே உடம்பு தட்டையும் கழுவச் சொல்லுதே, அது காதுல விழலையா?"

கார்டி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனான்.

ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய் என்று நான் அவளிடம் கேட்டேன். "எங்க போறது? அங்க மாடு, இங்க இவனுங்க. மாடாவது பால் குடுக்கும்" என்றாள். சிரித்தேன். நானும் அவள் சமைத்ததைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபத்து மூன்று மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பக்கத்துத் தேவாலயம் விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம். ஓடெட் காய்கறி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். குளியலறையில் கார்டி, தண்ணீர் இல்லாத தொட்டியில், சட்டை பேண்ட்டோடு கிடந்தான். சிவப்பு மாத்திரையும் ஒயினும் சேர்ந்திருந்தது. உதடு நீலம். மூச்சு இருந்தது. நீளமாக ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று.

நான் கூடத்தில் சோபாவில் கிடந்தேன். எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அன்று காலை நானும் அதையேதான் போட்டிருந்தேன். காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஓடெட் ஓடிவந்து ஃபோனை எடுத்தாள். வாரன் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டான்.

"ஒரு நிமிஷம் இரு. ஆம்புலன்ஸ் வந்தா போலீஸும் வரும். முதல்ல வீட்ட சுத்தம் பண்ணிடலாம். அப்புறம் கூப்பிடலாம்."

"அவன் செத்துடுவான்டா!"

"பதட்டப்படாத. உன் பதட்டம் அவனுக்கும் பரவும்."

அந்த வீட்டில் ஆண்கள் சுத்தம் செய்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மெத்தைக்கு அடியில், சர்க்கரை டப்பாவில், மத்தளத்துக்குள்ளே என்று ஒளித்து வைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கழிப்பறையில் கொட்டினார்கள். கழிப்பறை இருந்தது அதே குளியலறையில். ஓடெட் கார்டியைத் தொட்டியிலிருந்து தரைக்கு இழுத்துப் போட்டு, அவன் தலையை மடியில் வைத்துக் கன்னத்தில் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இவர்கள் அவள் காலைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். "கொஞ்சம் காலை மடக்கு" என்று லைல் அவளிடம் சொன்னான். இரண்டு கிலோ கஞ்சாவை ஒரு கழிப்பறை எப்படி விழுங்கும்? அடைத்துக்கொண்டது. தண்ணீர் பொங்கித் தரை முழுக்கப் பரவியது. மிதந்த இலையை வாரன் குழம்புக் கரண்டியால் அள்ளினான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். அந்த நேரம் முழுவதும் கார்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஓடெட் அவன் தலையைத் துண்டின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள். கதவருகே நின்ற லைலைத் தள்ளினாள். வெறுங்காலோடு, நனைந்த பாவாடையோடு, எதிர்வீட்டு மிஸஸ் ஹால்டேன் கதவைப் போய் இடித்தாள். எங்கள் பாட்டுச் சத்தத்துக்காக இரண்டு முறை போலீசைக் கூப்பிட்ட விதவை அவள். தேவாலயத்துக்குப் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"ஒரு பையன் சாகக் கிடக்கான்மா. உங்க ஃபோன்..."

ஒரு கேள்வி கேட்கவில்லை அந்த அம்மா. ஃபோன் செய்துவிட்டு, அதே தொப்பியோடு வந்து அந்தத் தண்ணீரில் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கார்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகிற வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ஓடெட்டிடம் சொன்னார்: "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழச்சிருப்பார்." வாரன் வயரைப் பிடுங்கி ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

போலீஸ் வந்தது. வாடகைப் பத்திரம் யார் பெயரில்? ஓடெட். அழுக்குத் துணிக்கூடையில் ஒரு பை மாத்திரை. கொட்ட மனம் வராமல் வாரன் ஒளித்து வைத்தது. கூடை யாருடையது? ஓடெட்டுடையது, துணி துவைப்பவள் அவள்தானே. அவள் கைப்பையில் டாக்டர் பிரெண்டிஸ் கொடுத்த உறை, பெயர் எழுதாமல்.

"அது அவ கூடை சார்" என்றான் வாரன், அதே மெல்லிய குரலில். "நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்."

இரண்டாம் நாள் அவன் அப்பா வழக்கறிஞரோடு காவல் நிலையத்துக்குக் காரில் வந்து அவனைக் கூட்டிப்போனார். லைலை அவன் மாமா. ஓடெட்டின் அப்பாவுக்குத் தகவல் போனது. எங்களுக்கு அப்படி ஒரு மகள் இல்லை என்று பதில் வந்தது. டாக்டர் பிரெண்டிஸ் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்: ஒழுக்கம் சரியில்லாத பெண், என் ஆஸ்பத்திரியில் மருந்து திருடியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன் என்று.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஃபோன் வயரைப் பிடுங்கியது யார் என்று கேட்டார்கள். வாரனின் வழக்கறிஞர் முந்தின நாள் என்னைத் தேடி வந்து, உன் பெயரும் இதில் வரலாமே என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நான் தூங்கிட்டிருந்தேன். எதையும் பாக்கல" என்றேன். ஓடெட் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"உன்ன மாதிரிப் பொண்ணுங்கதான் நல்ல குடும்பத்துப் பசங்களக் கெடுக்கறாங்க" என்றார் நீதிபதி. சிறை, அல்லது மலைமேல் இருந்த ஒரு போதை மறுவாழ்வு நிலையம். எது வேண்டும் என்று கேட்டதற்கு, நிலையம் என்றாள்.

அது பழைய வான்கோழிப் பண்ணை. நடத்தியவன் மில்ட் என்பவன். முன்பு பழைய கார் விற்றவன். போனவுடன் ஓடெட்டின் தலையை மொட்டையடித்தார்கள். முதல் பதினொரு நாள் அவள் தூங்கினாள், நடுங்கினாள், வாந்தியெடுத்தாள், மறுபடி தூங்கினாள். மாத்திரை அவளை விட்டது அப்படித்தான். மில்ட் பிற்பாடு அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டான்.

அங்கே வைத்தியம் என்பது கத்துவது. ஒருவரை நடுவில் உட்கார வைத்து இருபது பேர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஓடெட்டை ஆறு நாள் திட்டினார்கள். பேசாமல் கேட்டுக்கொண்டாள். ஏழாம் நாள் மில்ட் சொன்னான்: "உனக்குள்ள நெறையக் கோபம் இருக்கு. அடக்காத. எல்லாத்தையும் வெளிய விடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மூன்று மணி நேரம் பேசினாளாம். அப்பாவில் ஆரம்பித்து, டாக்டர், வாரன், நீதிபதி, சோபாவில் கிடந்த நான் என்று வரிசையாக வந்து, கடைசியில் மில்டிடம் வந்து நின்றாள். "உன் உள்ளாடைய ஏன் நாங்க துவைக்கிறோம்? ஆம்பளைங்களுக்குப் பேச்சு, பொம்பளைங்களுக்குச் சலவை. அந்த வீட்டுக்கும் இந்தப் பண்ணைக்கும் என்ன வித்தியாசம்? அங்க முடியாவது இருந்துச்சு!"

பெண்கள் பக்கம் கைதட்டல். மில்ட் எழுந்தான். "இது சரியான கோபம் இல்ல" என்றான்.

தண்டனையாக அவள் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். 'எனக்குக் கோபம் அதிகம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவள் கரியால் எழுதிக்கொண்டாள்: 'காரணம் இருக்கிறது'. ஒரு மாதம் அதோடே கழிப்பறை கழுவினாள். பதினான்கு மாதம் அங்கே இருந்தாள்.

எழுபத்தைந்தில் வெளியே வந்து, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மாலை வேலைக்குச் சேர்ந்தாள். நான் தேடிக்கொண்டு போனேன். கொதிக்கிற ஆவியில் நின்று போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"நீ சோபாவுல கெடந்தது எனக்குப் பிரச்சனை இல்ல, மார்னி. நானே எத்தனையோ நாள் அப்படிக் கெடந்திருக்கேன். ஆனா கோர்ட்டுல நீ முழிச்சுட்டுத்தான இருந்தே?"

இன்னும் சத்தமாக அழுதேன்.

"அழாத. அழுது என்னை உனக்குச் சமாதானம் சொல்ல வைக்காத. கார் வச்சிருக்கியா?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப வியாழக்கெழம என்னைக் கூட்டிட்டுப் போ."

வியாழக்கிழமை மேல்நிலைப் பள்ளியில் போதை ஒழிப்புக் கூட்டம். பேசுகிறவர் வாரன். தலைமுடி வெட்டி, தாடி மழித்து, கோட்டுப் போட்டிருந்தான். ஏதோ சங்கம் அவனுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. அரங்கம் நிறையப் பிள்ளைகள். அவன் கண் கலங்கப் பேசினான்.

"என் உயிர் நண்பன் என் மடியில செத்தான். வெறுங்காலோட, நனைஞ்ச துணியோட, எதிர் வீட்டுக்கு ஓடினேன். ஒரு பையன் சாகக் கிடக்கான்மான்னு கதவ இடிச்சேன்..."

ஓடெட் எழுந்தாள்.

"ஓடினது நான்டா."

அரங்கம் திரும்பியது. வாரன் முகம் ஒரு நொடி வெளுத்து, உடனே கனிந்துவிட்டது. "நண்பர்களே, இந்தச் சகோதரி இன்னும் வேதனையில இருக்காங்க. அவங்க உணர்வை நாம மதிக்கணும்."

"நீ ஒண்ணும் மதிக்க வேணாம்" என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "கேளுங்க. எவனாவது மயங்கிக் கெடந்தா உடனே ஃபோன் பண்ணுங்க. போலீஸ் வந்தா வரட்டும். ஃபோன் வயரைப் பிடுங்குறவன் உங்க நண்பன் இல்ல. அவனுக்கு அப்பா இருக்கார், வழக்கறிஞர் இருக்கார். ரெண்டு நாள்ல வெளிய வந்துடுவான். உங்களுக்கு யார் இருக்கா?"

தலைமை ஆசிரியர் அவள் கையைப் பிடித்து வெளியே நடத்தினார். அப்போதுதான் நான் எழுந்தேன். "அவ சொல்றது நிஜம். நானும் அந்த வீட்டுல இருந்தேன், பாத்தேன்" என்று சொன்னேன். மதிய உணவு மணி அடித்துவிட்டது. எண்ணூறு பிள்ளைகள் நாற்காலியைத் தள்ளுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு வருடம் தாமதித்த சாட்சி.

ஆனால் யாரோ ஒரு மாணவி அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். சொல் சுற்றிச் சுற்றி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அய்லீன் காதுக்குப் போனது. அய்லீன் கார்டியின் அம்மா. ஓடெட் தன் மகனைக் கெடுத்துக் கொன்றாள் என்றுதான் அந்த அம்மாவுக்குத் தெரியும். வாரன் கைப்பட எழுதிய இரங்கல் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கடிதத்தோடு ஒருநாள் சலவைக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"என் பையன் கடைசியா ஏதாவது பேசினானா?"

"இல்லம்மா. நான் கூப்பிட்டேன். ஒரு தடவ கண்ணைத் திறந்தான்."

"எவ்வளவு நேரம் உயிரோட இருந்தான்?"

ஓடெட் எதையும் குறைக்காமல் சொன்னாள். கழிப்பறையைச் சொன்னாள், கரண்டியைச் சொன்னாள். மிஸஸ் ஹால்டேன் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அய்லீன் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்தில் போய் உட்கார்ந்து அரைமணி நேரம் வண்டியை எடுக்கவில்லை.

இரண்டு பேரும் வாரன்மேல் புகார் கொடுத்தார்கள். இந்த முறை நானும் கையெழுத்துப் போட்டேன். பழைய விஷயம், தீர்ப்பாகிவிட்டது என்று அரசு வழக்கறிஞர் கோப்பை மூடினார்.

"அந்த ஆள் அடுத்து எங்க பேசறான்?" என்று கேட்டாள் அய்லீன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நடந்ததை அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இன்றும் சொல்வார்கள். வாரன் எங்கே பேசினாலும் முதல் வரிசையில் இரண்டு பெண்கள். பெற்றோர் வரலாம் என்று அறிவிப்பில் இருந்தது. செத்துப்போனவனின் அம்மாவை எந்தத் தலைமை ஆசிரியர் வெளியே அனுப்புவார்? அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அய்லீன் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து முட்டை சாண்ட்விச் சாப்பிடுவாள், ஓடெட்டுக்கும் பாதி கொடுப்பாள். இரண்டு பேரும் மென்றுகொண்டே அவன் முகத்தைப் பார்ப்பார்கள். கார் ஓட்டியது நான். பின்வரிசையில் உட்காருவேன்.

முதல் மாதம் 'என் மடியில செத்தான்' போனது. அடுத்து 'வெறுங்காலோட' போனது. கோடைக்குள் 'உயிர் நண்பன்', 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்' ஆனான். ஒரு மணி நேரப் பேச்சு நாற்பது நிமிடமாகி, இருபதாகி, கடைசியில் பன்னிரண்டு நிமிடம் காய்கறி சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று பேசிவிட்டு இறங்கினான். அன்று வாகனம் நிறுத்துகிற இடத்தில் ஓடிவந்து அய்லீனை மறித்தான். குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

அய்லீன் ஓடெட்டைப் பார்த்தாள். ஓடெட் சொன்னாள்: "ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். அதத் திருப்பிக் குடு."

அந்த மாதமே சங்கத்திலிருந்து விலகிவிட்டான். மனச்சோர்வு என்று காரணம் எழுதிக் கொடுத்தானாம். இப்போது அரிசோனாவில் வீடு விற்கிறான். நன்றாக விற்கிறான் என்று கேள்வி. டாக்டர் பிரெண்டிஸ் ஓய்வு பெற்றபோது ஊரே விருந்து வைத்தது.

அய்லீனும் ஓடெட்டும் இப்போது ஒரே தெருவில் இருக்கிறார்கள். சலவைக்கூடத்துப் பெண்களைத் திரட்டி ஓடெட் இரண்டு முறை வேலைநிறுத்தம் செய்துவிட்டாள், ஒருமுறை வேலையும் போய்த் திரும்பக் கிடைத்தது. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. என்னிடம் பேசுகிறாள், கார் வேண்டுமென்றால் கூப்பிடுகிறாள். மன்னித்துவிட்டாயா என்று போன வாரம் கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றாள். "வண்டிய எடு, நேரமாச்சு."